அப்பளக்காரியின் பெயரில் ஒரு பிட்காயின் மெஷின்

பரமசிவம் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். மட்டாஞ்சேரி மரகதம் பிட்காயின் மெஷின் வாங்கிவிட்டாள் என்று நம் கொச்சித் தமிழ் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். நான் வாங்கவில்லை. நீங்கள் எழுதிய அன்றைக்கு, வாங்கலாமா வேண்டாமா என்றுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை. மன்றத்தின் ஆண்டு மலருக்கு, பிழைக்க வந்த ஊரில் கிடைத்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி எல்லோரிடமும் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவம் இதுதான். போட்டால் முழுதாகப் போடுங்கள். போடாவிட்டால் நானே நகலெடுத்து விழா வாசலில் நின்று கொடுப்பேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எதுவும் காயாது. உப்பு ஜாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டி நமுத்துப்போகும். துவைத்த சேலை மூன்று நாள் கொடியில் கிடந்து, திரும்பத் துவைக்க வைக்கிற வாடையோடு கைக்கு வரும். இந்த ஊரில் நான் பதினோரு வருடமாக அப்பளம் போட்டு விற்கிறேன். மலையாளிகளுக்குப் பப்படம், நம் ஆட்களுக்கு அப்பளம். இரண்டும் உளுந்துதான். ஆனால் அவர்களுக்கு எண்ணெயில் போட்டதும் பந்து மாதிரிப் பொங்க வேண்டும். வந்த புதிதில் ஒரு கடைக்காரர் என் அப்பளத்தைத் தூக்கிக் காட்டி, "இது பாண்டிகளுடெ பப்படம், சத்துபோயது" என்றார். பாண்டி என்றால் நாம்தான், நம் பப்படம் செத்துப்போனதாம். சோடா உப்பைக் கூட்டிப் போட்டு அடுத்த வாரமே பொங்க வைத்துக் காட்டினேன். இன்றைக்கு ஓணத்துக்கு அவர்தான் முதல் ஆளாகச் சொல்லி வைக்கிறார்.

மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் இந்தக் காயாத தொல்லை கிடையாது. மொட்டை மாடியில் பாய் விரித்து அப்பளத்தைப் பரப்பி, கீழே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் பாதி காய்ந்திருக்கும். அதற்காக அந்த ஊரைத் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். வெயில் இலவசம், மாடி முதலாளியுடையது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கொண்டு யாரோ ஒருவர் பெயர் போட்ட பாக்கெட்டில் அடைத்தோம். இங்கே பாக்கெட்டில் என் பெயர் இருக்கிறது. மழை நான்கு மாதம் வயிற்றில் அடிக்கிறது, அவ்வளவுதான். அதனால் கரண்டில் ஓடும் உலர்த்தி ஒன்று வாங்க நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் மூன்று வருடமாகச் சேர்த்தோம். அந்தப் பணம் இருப்பது தெரிந்துதான் சார் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

கூட ஜிதின் என்ற பையனைக் கூட்டி வந்தீர்கள். ஆலுவாவில் இந்த மெஷின்களை விற்பவன். உலகம் முழுக்க இப்படி லட்சக்கணக்கான மெஷின்கள் ஒரே பூட்டுக்குச் சாவி தேடுவது மாதிரி ராப்பகலாகக் கணக்குப் போடுமாம். போட்ட கணக்குக்குத் தக்கபடி பிட்காயினில் பங்கு வருமாம். நான் கதவைக் காட்டத்தான் இருந்தேன். அப்போது அவன், மெஷினின் பின்பக்கமிருந்து அடுப்பு மாதிரிச் சூடான காற்று வரும், அதில் பப்படம் உணக்கலாம், அதாவது காயவைக்கலாம் என்றான். அங்கே நான் விழுந்தேன். காற்றும் வரும், காசும் வரும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆசைப்பட்டேன்.

"சேச்சி, இது நல்லொரு அவசரமாணு. விட்டுகளயருது" என்றான் ஜிதின்.

"எதுக்குத் தம்பி அவசரம்? எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவன் முகம் வாடிவிட்டது. "அங்ஙனெ பறயல்லே சேச்சி. எல்லார்க்கும் ஒரு அவசரமுண்டு. சேச்சிக்கு ஞங்ஙள் தராம்."

"நீங்க வேற தரணுமாக்கும்? எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் இங்க அதான் ஓடுது."

பக்கத்து வீட்டு ஆமினா இத்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எடீ மரகதம், அவன் சான்ஸ் எந்நாணு பறயுந்நது." மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. எனக்கும் தெரிந்த சொல்தான். வேகமாகப் பேசினால் காது முதலில் தமிழைத்தான் பிடிக்கிறது. இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த நீங்கள், நான் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர் விஷயம், உனக்குப் புரியாது மரகதம். நான் இருக்கேன்ல, தலைய மட்டும் ஆட்டு" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்று ஆட்டினேன்.

நீங்கள் போன பிறகு செல்வம், "வாங்கிருவோமா?" என்றார். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்றேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய அண்ணன், கோபி ஊர்ப் பக்கத்தில் ஈமு கோழி வளர்த்தவர். ஊரே வளர்க்கிறது என்று வயலில் கம்பி வேலி போட்டு, ஆள் உயரப் பறவைகளைக் கொண்டுவந்து விட்டார். முட்டைக்கு விலை, தோலுக்கு விலை, கொழுப்புக்கு விலை என்றார்கள். ஒருநாள் வாங்குகிறவனைக் காணவில்லை. ஆடு என்றால் சந்தைக்குப் பிடித்துப் போகலாம், மாடு என்றால் பாலாவது கறக்கும். அந்தப் பறவை வேலிக்குள் நின்றுகொண்டு வளர்த்தவரையே பார்த்துக்கொண்டு தீனி தின்றது. தீனிச் செலவு மட்டும் நிற்கவே இல்லை. நாங்கள் போயிருந்தபோது அண்ணன் அதன் பக்கம் திரும்பவே மாட்டார். முதுகைக் காட்டியபடி தவிட்டை வீசுவார்.

ஐந்தாம் நாள் ஜிதின் பழைய மெஷின் ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்தான். மாவு பிசையும் மெஷினுக்காக நான் இழுத்திருந்த தனி லைனில் மாட்டினான். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி, முன்னும் பின்னும் விசிறி. சுவிட்சைப் போட்டதும் நாலு மிக்ஸி ஒன்றாக ஓடுகிற சத்தம். மிக்ஸியை நிறுத்தலாம், இது நிற்காது. ஆமினா இத்தா சுவருக்கு அந்தப்புறமிருந்து கத்தினார்: "மரகதம், அகத்து விமானம் எறங்கியோ?"

"ஆமா இத்தா, துபாய்க்கு டிக்கெட் வேணுமா?"

"ஆத்யம் எனிக்கொந்நு உறங்கணம்!" முதலில் அவர் தூங்க வேண்டுமாம்.

காற்று சூடாகத்தான் வந்தது. அதில் ஜிதின் பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பளம் நிதானமாகக் காய வேண்டிய பண்டம். அந்த அனலில் ஓரம் முதலில் சுருண்டது, பிறகு நடுவில் விரிந்தது. முதல் தட்டு முழுக்க விரிசல். தட்டைத் தள்ளி வைத்தேன், அப்போதும் விரிசல். சாயங்காலம் நாலு மணிக்கு மெஷின் தானாக நின்றது. ஜிதின் மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த தகடுகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.

"எந்தா சேச்சி இது, மாவோ?"

"அப்பளம் போடுற எடத்துல மாவு இல்லாம மணலா கெடக்கும்?"

பாவம், அவனே உட்கார்ந்து பிரஷ்ஷால் தட்டினான். அதற்குள் நான் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழு மணி நேரத்தில் இருபத்து மூன்று யூனிட். என் வீட்டுக்கு அது நாலு நாள் கரண்டு. வந்த வருமானத்தை போனில் காட்டினான். ஒரு புள்ளி, அதற்கப்புறம் வரிசையாகச் சுழிகள், கடைசியில் எறும்பு மாதிரி இரண்டு எண். ரூபாயில் சொல்லச் சொன்னேன். சொன்னான். கரண்டுக் காசுக்குக்கூடக் காணாது.

"வில கூடும்போ செரியாகும் சேச்சி."

"எப்பக் கூடும்?"

"அது ஆர்க்கும் அறியில்ல." மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே அவனே, உலகத்தில் மெஷின் கூடக்கூட ஒவ்வொருவருடைய பங்கும் குறையும் என்றும் சொன்னான். அது எனக்கு உடனே புரிந்தது. ஓணத்துக்கு ஊர் தின்கிற பப்படம் அதே அளவுதான். போடுகிறவர்கள் பெருகினால் என் கூடை குறையும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "கணக்குப் போட வேண்டாம்னு நெனச்சா, இது வேற என்ன வேல செய்யும் தம்பி?"

"வேற ஒந்நும் செய்யில்ல சேச்சி. இதினு மாத்ரம் உண்டாக்கியதா."

இதற்கென்று மட்டும் செய்ததாம். எனக்கு அண்ணனுடைய ஈமுவின் கண் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, சேச்சி வாங்கினால் பத்து பேர் வாங்குவார்கள் என்று சார் சொல்லியிருந்தார் என்று மட்டும் வருத்தமாகச் சொன்னான். ஏன் பத்து பேர் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முத்துலட்சுமி வந்தாள். தேவராவில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிற பெண், எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

"அக்கா, உங்க மெஷினப் பாக்கலாமா? எங்க வெச்சிருக்கீங்க?"

"எந்த மெஷினு?"

"வெளையாடாதீங்கக்கா. நீங்க வாங்குனத நம்பித்தான நான் தாலிக்கொடிய அடகு வெச்சேன்."

போனைக் காட்டினாள். நீங்கள் என் வீட்டில் சாயா குடித்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே எழுதியிருக்கிறீர்கள். என் பெயர், என் தொழில், கீழே வாங்கப் போகிற பத்து பேரின் பட்டியல். உங்களுக்கு போன் செய்தேன். "பேரச் சொன்னாத்தான் நம்ம ஜனம் முன்னேறும். நீ தலையாட்டுனியா இல்லியா?" என்றீர்கள். அந்தச் செய்தியை அழித்தும் விட்டீர்கள். முத்துலட்சுமி அதற்கு முன்பே படம் பிடித்து வைத்திருந்தாள். பிறகு வந்த மாதக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "சிலருக்கு மாவு பிசையத்தான் தெரியும். முன்னேற்றம் வீடு தேடி வந்தா அதுலயும் மாவக் கொட்டுவாங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். முத்துலட்சுமியும் சிரித்தாள். இப்போது அவள் என்னிடம், நான்தான் மெஷினைக் கெடுத்துவிட்டேன், மற்றவர் முன்னேறுவது எனக்குப் பொறுக்கவில்லை என்கிறாள். அடகு வைத்த பணத்தை ஆண்டு விழாவுக்கு மறுநாள் மெஷினுக்காக உங்கள் கையில் கொடுக்கப் போகிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மதுரையில் முதலாளி சொன்னதை நாங்கள் பாதிதான் நம்புவோம், அவன் பேசுவது எங்களுக்குப் புரியும் என்பதால். இங்கே கேஸ் இணைப்புக்கு, ரேஷன் கார்டுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மலையாளத்தில் எழுதித் தந்தது நீங்கள். நீங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம். நீங்கள் கொச்சியிலேயே பிறந்தவர், உங்கள் அப்பாவும் இங்கே பிறந்தவர். எங்களிடம் தமிழர், அவர்களிடம் மலையாளி. அதில் எனக்குக் குறை இல்லை. என் பிள்ளைகளும் நாளைக்கு அப்படித்தான் இருப்பார்கள். என் மகள் இப்போதே தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், மலையாளத்தைச் சரளமாகப் படிக்கிறாள். ஆனால் நடுவில் நிற்கிறவன் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஜிதினிடம் நான் வாங்குவேன் என்றும், முத்துலட்சுமியிடம் நான் வாங்கிவிட்டேன் என்றும் சொன்னீர்கள். என்னிடம் எனக்குப் புரியாது என்றீர்கள். எனக்குப் புரிந்தது. பயந்துபோய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, வேண்டாம் என்றேன். லாபம் என்றால் இன்றைக்கும் வாங்குவேன், உங்களைக் கேட்க மாட்டேன்.

ஆண்டு விழா அன்று நான் வருவேன். ஒரு பக்கம் முத்துலட்சுமியை உட்கார வைப்பேன். இன்னொரு பக்கம் ஆமினா இத்தா உட்காருவார், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நீங்கள் மேடையேறி, அதே மைக்கில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மெஷின் வாங்குவதாக மரகதம் எப்போது உங்களிடம் சொன்னாள்? பத்து பேரை வாங்கச் சொல்கிற நீங்கள், அந்த மெஷினை உங்கள் வீட்டில் ஒரு நாளாவது ஓட்டி மீட்டரைப் பார்த்ததுண்டா? முதலில் தமிழில் சொல்லுங்கள், முத்துலட்சுமி கேட்கட்டும். பிறகு அதையே மலையாளத்தில் சொல்லுங்கள், இத்தா கேட்கட்டும். இரண்டும் ஒரே பதில்தானா என்று நடுவில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொள்கிறேன். எழுந்து நின்று சொல்லுங்கள் சார்.