மூடிடலாமாண்ணே?

உலகில் கியர்பாக்ஸைப் புரிந்துகொண்டவர்கள் இதுவரை மூன்றே பேர். அதில் ஒருவன் புரொபசர். மற்ற இருவர் யாரென்று அவனுக்கு நினைவில்லை, முக்கியமும் இல்லை. புரொபசர் என்பது நண்பர்கள் வைத்த பெயர். கேலிக்கு வைத்தது என்பதை இன்றுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை. இன்னொருவரைக் கேட்டு வேலை செய்வது கையாலாகாதவர்கள் பழக்கம் என்பது அவன் கொள்கை. அதை விடுங்கள். இனி சொல்லப்போவது சத்தியமாக நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டறையில் அவன் மட்டும். மேஜைமேல் அறுபது வயதுக் காரின் கியர்பாக்ஸ். மறுநாள் அதை மாட்டி, வண்டிக்கார அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலைச்சாலையில் இறங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

பழைய வண்டியைத் தொடும் எவனும் முதலில் செய்வது, முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டுவது. பிரித்தபோது இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும் சேர்ந்து விழுந்து இறுகியிருந்தன. துரு என்று முடிவு கட்டினான்.

"எந்த மடையன்மா இதை மூடினான்? கை இருக்குன்னு ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்துடுறானுங்க!" என்று காலையில் அந்த அம்மாவிடமே போனில் சொன்னான். அவர் போனை வைத்துவிட்டார்.

2:10. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, புது பேரிங் போட்டு, மூடி, நியூட்ரலில் வைத்தான். "டேய் தூங்குமூஞ்சி, பார்த்துக் கத்துக்கோ," என்றான், முகம் தெரியாத அந்த ஆளிடம்.

கடக்.

தண்டைச் சுற்றினான். அசையவில்லை. இரண்டும் மூன்றும் சேர்ந்து விழுந்திருந்தன. கியர் மாற்றும் கம்பியை அவன் இன்னும் மாட்டவே இல்லை...

நெம்பிப் பிரித்து, திரும்ப மூடினான். 2:25. "எல்லாம் நீ பண்ணின கோளாறு, முட்டாள்."

கடக்.

மறுபடி பிரித்து மூடினான். 2:40. திட்ட வாயைத் திறந்தான்.

டிக்.

ஏதோ சின்னதாக உள்ளே விழுந்த சத்தம்...

திறந்தான். தண்டை உருவினான். ஒரு சின்ன பின், உள்ளங்கையில் உருண்டது. ஒரு கியர் விழுந்தால் இன்னொன்றை விழவிடாமல் தடுக்கும் பின். பிரித்தபோது அது இல்லை. அவன் போடவும் இல்லை.

அதில் கறுத்த எண்ணெய்.

சூடாக.

ஐந்து மணிக்கு அந்த அம்மா வந்தார். கைப்பையைத் திறந்தார்.

"நீ திட்டினது எங்க வீட்டுக்காரரைத்தான்பா. ஒரு பின் போட மறந்துட்டார். அன்னைக்கே இறக்கத்துல ரெண்டு கியரும் சேர்ந்து விழுந்து, சக்கரம் பூட்டிக்கிச்சு. அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேஜைமேல அது கிடந்ததைப் பார்த்தேன். முப்பது வருஷமா வச்சிருக்கேன். நீயும் மறந்துடுவியோன்னு எடுத்துட்டு வந்தேன்."

காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"மதியம் சாப்பிட்டு எழுந்தப்போகூட இருந்துச்சே..."

"எத்தனை மணிக்கும்மா?"

"ரெண்டரை இருக்கும்."

அந்த அம்மா கிளம்பிய பிறகு, புரொபசர் பின்னைத் துளையில் வைத்தான். மூடியைப் பொருத்தினான். கடைசி போல்ட்டை முறுக்கும் முன், வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

"மூடிடலாமாண்ணே?"

காத்திருந்தான்.