அண்ணன் நோட்டைப் பிரிக்க விடல

எங்கண்ணன் மஞ்சக்காமாலையில போய் நாப்பது நாள்கூட ஆகல. யுனிவர்சிட்டில இருந்து எங்கூரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்துது. அவன் எழுதுன நோட்டைக் கொண்டாந்து குடுக்கோணுமாம்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குள்ள யானை ஏன் வருது, வந்தா சனங்க என்ன பண்றாங்க, இதுதான் அவன் ஆராய்ச்சி. மிருகத்துக்கு ஒரு டிபார்ட்மெண்டு, மனுசனுக்கு ஒரு டிபார்ட்மெண்டு. ரெண்டுலயும் திட்டு வாங்குவான். "நான் எந்த ஊட்டுப் புள்ளைன்னே தெரியல அம்மணி"ன்னு சிரிப்பான்.

அவன் டவுனுக்குப் போற நாள்ல நாந்தான் விடியக்காலைல சைக்கிள்ல போய் எழுதுவேன். இடது பக்கம் யானை: கால்தடம், லத்தி, என்னென்ன முறிஞ்சுதுன்னு. வலது பக்கம் தோட்டத்துக்காரர் பேசுனது, வசவோட.

நோட்டோட யுனிவர்சிட்டிக்குப் போனேன். அங்க மிருக டிபார்ட்மெண்டு சாரு ஒருத்தரு, மனுச டிபார்ட்மெண்டு மேடம் ஒருத்தங்க. சாரு கையில பிளேடு.

"இடது பக்கமெல்லாம் எனக்கு, வலது பக்கம் மேடத்துக்கு. கிழிச்சுக்கலாம்."

"மேடத்துக்குப் போற தாளைத் திருப்பிப் பாருங்க சார். மறுநாள் யானை அதும் பின்பக்கந்தான் நிக்குது"ன்னேன்.

பிளேடைக் கீழ வெச்சாரு. "அப்ப ஜெராக்ஸ் எடுத்துக்கறேன். இடது பக்கம் மட்டும் போதும். பாருங்க மேடம், ஒரே நாள்ல பதினெட்டு வாழை!"

"அதுக்கு நேரா வலது பக்கம் படிங்க"ன்னேன்.

மேடம் சத்தமாப் படிச்சாங்க: "காத்துல சாஞ்சதுதான் கண்ணு. யானைன்னு எழுதிக்கோ, தாலுக்காபீசுல நட்டஈட்டுக்கு மனு குடுக்கோணும்." படிச்சுட்டுச் சிரிச்சுப்போட்டாங்க. சாரு சிரிக்கல.

"நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"எட்டாவது ஃபெயிலுங்க. ஆனா ரெண்டு பக்கமும் படிப்பேனுங்க."

அழுதா நோட்டைப் புடுங்கிக்குவாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ஜெராக்ஸ் எடுத்தா முழுசா எடுக்கோணும், ரெண்டு பேரும் முழுசாப் படிக்கோணும், மேல எங்கண்ணன் பேரு இருக்கோணும்னு சொல்லிப்போட்டேன்.

"அப்படி வழக்கமில்லம்மா. கமிட்டில கேக்கணும்."

"கேளுங்க. சரின்னா போன் பண்ணுங்க, வாரேன்."

நோட்டை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல உக்காந்தேன். அண்ணன் போனதுக்கப்புறம் அதுல ஒரு எழுத்தும் எழுதல. அன்னிக்கு எழுதுனேன். இடது பக்கம், யானை வரல. வலது பக்கம், சாரும் மேடமும் பேசுனது, பேசுன மாதிரியே. பிளேடையும் சேத்து.