கப்பு வாங்கிய அம்பாசடர்

ஈஜிபுராவில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. குணாவின் அண்ணன் ஏழுமலை. "சரோம்மா, குணா போயிட்டா" என்றார். "சரிண்ணா" என்றேன். பஸ் வந்தது, வழக்கம்போல ஏறி உட்கார்ந்துவிட்டேன். அல்சூரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போக வேண்டியவள் பொம்மசந்திராவில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது மடிவாளா தாண்டிய பிறகுதான் உறைத்தது. இறங்கி, சாலையைக் கடந்து, ஆட்டோ பிடித்தேன். கார் ராலியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவள் நான். நானே வழி தவறியதைக் கேட்டிருந்தால் குணா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

எங்கள் பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவள் இன்ஸ்பெக்‌ஷன் குணசுந்தரி. துளி பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவள். உங்களில் பாதிப்பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மறைக்காதீர்கள். மூன்று மாதம் நோயோடு படுத்திருந்தபோதுகூட, ஆஸ்பத்திரிக் கட்டிலின் சக்கரம் ஆடுகிறதென்று ஊழியரிடம் சண்டை போட்டவள். அழுதுகொண்டே எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பார்த்தால் சிரிப்பாக வருகிறது. வந்தால் வரட்டும்.

அவளுடைய அப்பா அரசு இலாகா ஒன்றில் டிரைவராக இருந்தவர். இலாகா ஏலத்தில் விட்ட பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அவர் காலமானபின் வண்டி வீட்டு வாசலில் நின்றது. தொண்ணூறுகளின் நடுவில் குணாவுக்கு முப்பது வயது இருக்கும், எனக்கும் அப்படித்தான். நான் ஸ்டோர்ஸில் கிளார்க். கம்பெனி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட். ஒருநாள் அவள், "அம்பாசடருக்கு அஞ்சு கியர் போடப்போறேன்டி" என்றாள். எனக்குச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். "போடு" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கைக்கியர், மொத்தம் நாலு. அறுபதுக்கு மேல் போனால் எஞ்சின் அலறும். சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், அடிபட்ட கான்டெசா கார் ஒன்றின் ஐந்து கியர் பெட்டியைக் கண்டுபிடித்தாள். அதே காரின் சக்கரங்களையும் பேரம் பேசித் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியவை, ஆனால் நல்ல அகலம். அவர்கள் தெருவில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அன்வர் பாய் தலையில் கை வைத்தார். "அல்லாவே, இது வேற வண்டி, அது வேற வண்டிம்மா! ரெண்டும் எப்படி ஒண்ணா குந்தும்?" என்றார். "குந்த வைக்கலாம் பாய்" என்றாள் குணா. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்க ஒரு தடித்த பிளேட்டை அவளே படம் வரைந்து கடைந்து வாங்கினாள். அகலச் சக்கரம் மட்கார்டில் உரசியது. பாய் அந்த ஓரத்தைச் சாக்குத்துணி வைத்துத் தட்டி மடக்கினார்.

அடுத்த வம்பு ஜாயிண்ட் ஷாஃப்ட். முன்னாலிருக்கும் கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய் அது. புதுப் பெட்டி நீளம், அதனால் குழாயை வெட்டிக் குறைக்க வேண்டும். வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது, சுழலும்போது ஆடக்கூடாது. அதைச் சரியாகச் செய்கிற லேத் பட்டறை பொம்மசந்திராவில் இருந்தது. ஆகவே அந்த இரும்பைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கம்பெனி பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் மடியிலும் நீட்டிப் படுத்திருந்தது. கன்னடக்கார டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாரம்மா மல்கிரோது?" என்று கேட்டார், யார் படுத்திருப்பது என்று. "எங்க சித்தி, உடம்பு சரியில்ல" என்றாள் குணா முகம் மாறாமல். மனுஷன் பாவம், பொம்மசந்திரா வரை குழிகளில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். எனக்குக் காலில் கிரீஸ், வயிற்றில் சிரிப்பு.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ரோட்டில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு தரையிலிருந்து நிமிர்ந்த புதுக் கியர்க் கம்பியை ஐந்துக்குத் தள்ளினாள். அடேயப்பா! அதுவரை கத்திக்கொண்டிருந்த எஞ்சின் குரலைத் தாழ்த்தியது. வண்டி அதே வேகத்தில், சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு போனது. "கேட்டியா? கேட்டியாடி?" என்று என் தோளைக் குத்தினாள். கேட்டேன் குணா, இன்னும் கேட்கிறது.

இப்படி வண்டி உயிர்பெற்ற நேரம் பார்த்துத்தான் ஏழுமலை அண்ணன் ஓசூரிலிருந்து வந்தார். வண்டியை உடைத்து இரும்பாக விற்கிற ஆள் ஒருவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். பொம்பளைக்கு எதற்கு அம்பாசடர், வாசலை அடைக்கிறது என்பது அவர் கட்சி. அப்பா வண்டி, தரமாட்டேன் என்பது இவள் கட்சி. அந்த நேரத்தில் ஊரில் மோட்டார் கிளப் ஒன்று பெண்களுக்காகக் கார் ராலி அறிவித்திருந்தது. குணா பெயர் கொடுத்திருந்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத வெச்சினு ராலியா? கப்பு வாங்கினு வா, வண்டி உனக்கே. இல்லனா அன்னிக்கே இவரு எடுத்துனு போவாரு" என்றார். குணாவின் அம்மா ராஜம்மா வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சொன்ன சொல்லு மாறக்கூடாது ஏழுமல" என்று மட்டும் சொன்னார். குணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

அந்த ராலியில் வேகமாகப் போகிறவர்களுக்குப் பரிசு கிடையாது. ஒரு தாள் கொடுப்பார்கள். இத்தனை கிலோமீட்டரில் இடப்பக்கம் திரும்பு, இந்த வேகத்திலேயே போ என்று அதில் இருக்கும். வழியில் அங்கங்கே காவல் போட்டு ஆள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஒரு ஆள் வேண்டும். ஸ்டோர்ஸ் கிளார்க்கை விட்டால் அவளுக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

ராலியன்று காலை அல்சூர் போனேன். வண்டியைப் பார்த்ததும் திடுக்கிட்டுப்போனேன். புதுச் சக்கரம் போட்ட வண்டிக்குப் பூஜை போடாமல் விடுவதா என்று ராஜம்மா விடியுமுன்பே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். முன்னால் இரண்டு வாழைக்கன்று. பானெட் முழுக்கச் சாமந்தி. கண்ணாடி ஓரமெல்லாம் கனகாம்பரம். நாலு சக்கரத்துக்கும் மஞ்சள் குங்குமம், கீழே எலுமிச்சம்பழம். குணாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நான் ராலிக்குப் போறனா, கல்யாணத்துக்குப் போறனா? யம்மா, சாகும்மா!" என்று கத்தினாள். கன்னடத்தில் சாகு என்றால் போதும். "பூவுல கை வெச்ச, நான் சக்கரத்துக்கு முன்னால குந்திப்பேன்" என்றார் ராஜம்மா. நேரமாகிவிட்டது, அப்படியே போனோம். மற்ற பெண்களெல்லாம் கூலிங் கிளாஸும் தொப்பியுமாகச் சின்னச் சின்னப் புதுக் கார்களில் நின்றார்கள். நடுவில் எங்கள் வண்டி இடுப்பில் கை வைத்த மாமியார் மாதிரி நின்றது.

கிளம்பியதும் சாலையில் இரண்டு பலகைகள் நட்டிருந்தார்கள். அளந்து வைத்த தூரம் அது. "இங்க மீட்டரைச் சரி பார்த்துக்குங்க" என்றார் கிளப்காரர். முள் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்தேன். "ஆடுது குணா" என்றேன். "ஆடட்டும்" என்றாள். பாட்டுப் பாடிக்கொண்டு தாண்டிவிட்டோம்.

பத்தாவது கிலோமீட்டரில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றது தாள். மீட்டர் பத்தைக் காட்டியபோது இடப்பக்கம் ஒரு மண்பாதை இருந்தது. "இடது!" என்று கத்தினேன். திருப்பினாள். பாதை போய் நேராக ஒரு கோழிப் பண்ணையில் முடிந்தது. அங்கே இருந்தவர் எங்கள் வாழைக்கன்றையும் சாமந்தியையும் மேலும் கீழும் பார்த்தார். "கல்யாண ஆர்டராம்மா? எத்தினி முட்ட வோணும்?" என்று கேட்டார். குணா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பிப் பழைய சாலைக்கு வந்து இன்னும் கொஞ்சம் போனால், நிஜமான இடப்பக்கச் சாலை பெரிதாக, பலகையோடு நின்றது. பண்ணைக்குள் போய் வந்ததைக் கழித்துப் பார்த்தேன். அங்கே மீட்டர் கணக்குப் பதினொன்று.

"மீட்டர் பொய் சொல்லுது குணா" என்றேன். அவள் பிரேக்கை மிதித்தாள், நெற்றியில் அறைந்துகொண்டாள். "ஐயோ! மீட்டர் கேபிள் கியர் பெட்டியிலருந்துதானே வருது. பெட்டி கான்டெசாவோடது. சக்கரமும் சின்னதாப் போச்சு. மீட்டரு இன்னும் பழைய பெட்டி, பழைய சக்கரத்துக் கணக்கையே சொல்லினு கீதுடி!" துளி பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவள், தன் வண்டியின் மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டாள். முதல் காவலில் இருந்தவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "யாக்கம்மா இஷ்டு லேட்டு?" என்றார். கோழிப் பண்ணை என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு நான் மீட்டரை நம்பவில்லை. பதினொன்று என்றால் பத்து என்று கழித்துக் கழித்துச் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, ஆனேக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லாக் காவல்களிலும் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றோம். ஒருவர் எழுந்து கையே தட்டினார். ஆனால் முதலில் விட்டதைப் பிடிக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. திரும்பி வரும் வழியில் நேரான சாலை ஒன்றில் ஐந்தாவது கியரில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி போச்சு சரோ. ஆனா எவ்ளோ சொகமா போவுது பாரு. அப்பா இதப் பாக்கலயே" என்றாள்.

மைதானத்தில் ராஜம்மாவும் அண்ணனும் காத்திருந்தார்கள். பழைய இரும்புக்காரரும் வந்திருந்தார். எங்கள் வண்டியின் கதவைத் தட்டித் தட்டித் தகரத்தின் கனம் பார்த்தார். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று கூப்பிட்டார்கள். எதிலும் எங்கள் பெயர் இல்லை. குணா சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். அப்போது ஒலிபெருக்கியில், மிக அழகாக அலங்கரிக்கப்பட்ட வண்டிக்கான பரிசு என்று சொல்லி எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"நான் போவமாட்டேன். நான் கியர் பெட்டி மாத்தினேன், பூவுக்குக் குடுக்கறாங்க" என்றாள் குணா. ராஜம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று மேடை ஏறினார். கோப்பையை வாங்கினார், தலைக்கு மேலே தூக்கினார். இறங்கி வந்து மகன் முன்னால் நீட்டினார்.

"இது பூவுக்குக் குடுத்ததும்மா!" என்றார் அண்ணன்.

"நீ இன்னா கப்புன்னு சொன்னியா? கப்புன்ன. இந்தா, கப்பு."

பழைய இரும்புக்காரர்தான் முதலில் கைதட்டினார். அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

பிறகு எத்தனையோ ராலி போனோம். ஓட்டியதற்கே பரிசும் வாங்கினோம். பூவுக்குக் கிடைத்த கோப்பையில் மட்டும் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தாள். மீட்டரைச் சரிசெய்யும் சின்னப் பல்சக்கரம் குஜிரியில் கிடைக்கிறது, போட்டுத்தரவா என்று பாய் பல தடவை கேட்டார். "நம்மள கோழிப் பண்ணைக்குக் கூட்டினு போன மீட்டரு பாய், இருந்துட்டுப் போவட்டும்" என்பாள். நான் வற்புறுத்தினால், "பக்கத்துல நீ கீற வரைக்கும் எனக்கு எதுக்குடி சரியான மீட்டரு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

காரியம் முடிந்த மறுநாள் ஏழுமலை அண்ணன் என்னை அல்சூருக்குக் கூப்பிட்டார். ராஜம்மா முன்பே போய்விட்டார். குணா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடும் வண்டியும் இனி அண்ணன் பொறுப்புதான். விற்கப்போகிறார், சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அவர் சாவியைக் கோப்பைக்குள் போட்டுக் கோப்பையோடு என்னிடம் நீட்டினார். "அன்னிக்கு நான் சொன்னது சொன்னதுதான். கப்பு வாங்கினவங்களுக்கு வண்டி. மேட ஏறி வாங்கினது நீயும் அம்மாவும்தான். அம்மா இல்ல, குணாவும் இல்ல. நீ கீற" என்றார்.

வழி சொல்கிறவளுக்கு ஓட்டவும் தெரிய வேண்டும் என்று குணா என்னை விரட்டி லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தாள். நான் ஓட்டினேன். என்னை வீடு சேர்க்க அண்ணன் இடப்பக்கம் ஏறிக்கொண்டார், என் சீட்டில். இன்னர் ரிங் ரோட்டில் சாலை நேரானதும் ஐந்தாவதுக்குத் தள்ளினேன். எஞ்சின் குரலைத் தாழ்த்தியது. கேட்டியா, கேட்டியாடி. கண் கலங்கியது, ஆனாலும் வாயெல்லாம் சிரிப்பு. அண்ணன் எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டு அலறினார்.

"சரோம்மா, மெல்லம்மா! அறுபத்தாறு காட்டுது!"

"இல்லண்ணா" என்றேன். "அறுபதுதான்."

அந்த மீட்டரை நான் மாற்றப் போவதில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனாள், கோப்பையை விட்டுவிட்டுப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து கழித்துச் சொல்கிற வேலையையும் என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.