தொட்டி வாயில் நின்ற ராகேல்

குலசேகரத்துக்கு அருகே உள்ள எங்கள் ரப்பர் பால் தொழிற்சாலையில் ராகேல் செய்த வேலையைப் பலரும் வேலையாகவே எண்ணவில்லை. கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் உள்ளே இறங்கினால், ராகேல் வெளியே தொட்டி வாயருகே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்மேல் கண் வைத்திருக்க வேண்டும். என்ன நடந்தாலும் அந்த இடத்தை விட்டு அகலக் கூடாது. தாமும் இறங்கக் கூடாது.

“ராகேலக்கா, சும்மா நிக்கதுக்கும் சம்பளமா? எனக்கும் ஒரு எடம் பாருங்க” என்று போகிறவர்கள் சீண்டுவார்கள்.

“ஒனக்கு டீக்கடைல மட்டுந்தாம்லே நிக்கத் தெரியும்” என்பார்.

வேறொரு ஊரில் மூவர் இறந்த பிறகே இந்த ஏற்பாடு இங்கே வந்தது. முதலாமவர் தொட்டிக்குள் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்தார். இருவரையும் தூக்க மூன்றாமவர் இறங்கினார். பாலைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் நீரில் அமிலம் சேர்க்கிறோம். அந்தக் கழிவு தேங்கி அழுகும்போது ஒரு நச்சு வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். மிகுந்துவிட்டால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. இறங்குகிறவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார்.

காவல் நிற்கும் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது ஆண்களில் ஒருவரும் கை தூக்கவில்லை. ஷீட் அடிக்கும் இயந்திரத்தில் இருந்த ராகேல் போனார். திரும்பி வந்தபின், வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கி, தொட்டியின் மேல்பக்கத்திலும் நடுவிலும் அடியிலும் அளவு பார்த்த பிறகே ஆளை இறங்கவிடுவார். பெல்ட்டில் கயிறு மாட்டாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புவார், அவர் தம் கணவர் ஆபேலாக இருந்தாலும்.

சென்ற ஜூன் மாதம், மழை விட்ட ஒரு முற்பகலில் இறங்கியவர் ஆபேல்தான். கருவி காட்டிய அளவுகள் சரியாகவே இருந்தன. அதை நானும் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குப் போனேன். ஆனால் அடியில் இறுகிக் கிடந்த சேற்றை ஆபேலின் மண்வெட்டி உடைத்ததும், அதற்குள் அடைபட்டிருந்த வாயு வெளியே வந்தது. அவர் இடுப்பில் மாட்டியிருந்த இன்னொரு கருவி அலறியது. ஏணியில் கை வைத்தவர் நழுவி விழுந்தார்.

சத்தம் கேட்டு நான் ஓடிவந்தபோது தொட்டியைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆபேலின் தம்பி ஸ்டெனி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியை நோக்கி வந்தார். ராகேல் குறுக்கே இரு கைகளையும் விரித்து நின்றார்.

“மைனி, வழிய விடுங்க. உள்ள கெடக்கது எனக்க அண்ணனாக்கும்.”

“ஆருண்ணு எனக்கும் தெரியும். எறங்கப்பிடாது.”

“நீங்க ஒரு பொண்டாட்டியா?”

“அத பொறவு பேசு மக்கா. இப்ப இந்த வின்ச்சப் பிடிச்சுச் சுத்து.”

தொட்டி வாயின்மேல் மூன்று கால் இரும்புச் சட்டமும் அதில் கையால் சுற்றும் வின்ச்சும் இருந்தன. ஸ்டெனி சுற்றினார். ஆபேலின் பெல்ட்டில் மாட்டியிருந்த கயிறு இறுகியது. தலை தொங்கியபடி ஆபேல் மெல்ல மேலே வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். தோள் ஏணிப் படிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

“பலமா இழுலே” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“இழுக்காத” என்றார் ராகேல். “கீழ விடு.”

ஸ்டெனி அவர் முகத்தைப் பார்த்தார். “மைனி, கீழ விசமாக்கும்.”

“தோளு மாட்டிக் கெடக்கு. இழுத்தா பெல்ட்டு உருவிரும். ஒரு முழம் விடு.”

ஸ்டெனி அழுதுகொண்டே கைப்பிடியைத் திருப்பினார். மேலே வந்துகொண்டிருந்த கணவர் மறுபடி அந்த இருட்டுக்குள் இறங்குவதை ராகேல் இமைக்காமல் பார்த்தார். கயிற்றைப் பிடித்து லேசாகத் திருகினார். உடல் ஏணியை விட்டு விலகியது.

“இனி சுத்து.”

எங்கள் தொழிற்சாலையில் நடந்த விபத்துகளை எழுதி வைப்பது என் பொறுப்பு. பதறி ஓடியவர்களையும் துணிந்து பாய்ந்தவர்களையும் பற்றி எழுதியிருக்கிறேன். இப்படி நின்ற ஒருவரை நான் கண்டதில்லை. அவருடைய பாதங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஆபேலைக் காற்று வரும் பக்கமாகக் கிடத்தி, ஆக்சிஜன் கொடுத்தோம். நெஞ்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் ராகேல் தரையில் உட்கார்ந்தார்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ஆபேல் பேசும் நிலைக்கு வந்தபோது நானும் அருகே இருந்தேன்.

“ஏட்டி, பாதி தூரம் இழுத்திட்டு திருப்பிக் கீழ விட்டியாமே.”

“ஆமா.”

“கனம் கூடுதலுண்ணு விட்டுட்டியோண்ணு நெனச்சேன்.”

“அதும் உண்டு. வீட்டுக்கு வந்த பொறவு சோறு கொறைக்கணும்.”

அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில், இனி சேற்றை மேலிருந்தே குழாய் நீரால் கரைத்து உறிஞ்சி எடுப்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஆள் இறங்குவது என்று முடிவானது. எல்லாரும் ராகேலைப் பாராட்டினார்கள். அவர் எழுந்து, இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும் என்றார்.

“உள்ள எறங்கது வீட்டு ஆளுண்ணா, வெளிய நிக்கது வேற ஆளா இருக்கணும்.”

“நீங்கதான் சரியா நின்னீங்களே?” என்றார் மேலாளர்.

“ஒருக்க நின்னேன் சார். இன்னொருக்க நிப்பேனாண்ணு எனக்குத் தெரியாது.”

அவர் சொன்னதைச் சொன்னபடியே விதியாக எழுதினேன்.