லாய்ட்டரிங்

அந்த இங்கிலீஷ் வார்த்தை எனக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பஞ்சு மில்லின் கேட்டில் கிடைத்தது. அம்மா அங்கே நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். அப்பா சீக்காளியாகிக் கட்டிலோடு கிடந்தார். அம்மாவுக்கு வேலை போனால் வீட்டில் உலை ஏறாது.

மத்தியானம் மணி அடித்ததும் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓடி, கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடவேண்டும். அன்றைக்குத் தாமதமாகிவிட்டது. கேட்டை ஒட்டிய வேப்பமர மறைவில் உட்கார்ந்து அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் வாய் வைத்தானோ இல்லையோ, சங்கு ஊதிவிட்டது. அவன் விடுவதாக இல்லை. அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

“சங்கு ஊதுனது காதுல விழலையா? இதுக்குப் பேருதான் லாய்ட்டரிங். இன்னொருவாட்டி பாத்தேன், வீட்டோட இருந்துக்க.”

அம்மா தம்பியைப் பிடுங்கி என் கையில் போட்டுவிட்டு ஓடினாள். அவன் வீலென்று கத்தியது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பிடின்னா என்னான்னு ஒங்க டீச்சர்ட்ட கேட்டுட்டு வா” என்றாள் சாயங்காலம்.

கேட்டேன். வேலைவெட்டி இல்லாமல் ஓரிடத்தில் நின்று பொழுதைப் போக்குவது என்று சொன்ன டீச்சர், அதை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார். புது வார்த்தை தெரிந்துவிட்ட மிதப்பில் எழுதி நீட்டினேன்: மை மதர் லாய்ட்டர்ஸ் அட் த மில் கேட்.

“அங்க என்ன பண்றாங்க ஒங்க அம்மா?”

“தம்பிக்குப் பால் குடுக்குறாங்க டீச்சர்.”

டீச்சர் வாக்கியத்தின் குறுக்கே கோடு கிழித்தார். “அந்த வார்த்தை இதுக்கு வராது.”

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

வீட்டில் அர்த்தத்தைச் சொன்னேன். “சும்மாவா நின்னேன்?” என்றாள் அம்மா. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, “நாளையிலருந்து தம்பியத் தூக்கிட்டு வராத ஆத்தா. அப்பா கஞ்சித்தண்ணி குடுப்பாக” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்தாள். தம்பியை வாங்கும்போது அது நழுவியது. ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கிடந்தது. வேர்வை என்று நினைத்தேன். இப்படி வேர்க்க வேர்க்க வேலை பார்த்தால் மேஸ்திரி இனி எப்படித் திட்டுவார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.