பாதையோரம் என்று மகள் சொன்னது

ராயபுரத்தில் எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கும். பக்கத்துக் குடும்பங்கள் கூடி உட்கார்ந்து, நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, மனதைத் தொட்ட வார்த்தையை ஆளுக்கு ஒன்றாக, மூன்று முறை, நிறுத்தி நிறுத்திச் சொல்வோம். அப்புறம் மௌனம். அப்புறம் சுண்டல். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் திருவொற்றியூர்க்காரர்களும் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். பையனுக்குத் துறைமுகத்தில் வேலை, பூசைக்குத் தவறாத குடும்பம். இந்த இடம் அமையட்டும் என்று மாதாவிடம் அழுது கேட்டிருந்தேன். பாயில் உட்கார்ந்தாலும் முட்டிக்குப் பக்கத்திலேயே போன். அது சும்மா இருந்தாலும் எனக்கு அடிப்பதுபோலவே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். "இன்னாக்கா, ஆண்டவரு முன்னாடி ஒக்காந்துகினு போனையே பாத்துகினு கீற? அவரு உனக்கு மிஸ்டு கால் குடுப்பாரா?"

"சும்மா இரு, நீ வேற பேஜாரு பண்ணாத."

வாசித்தவர் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன். எங்கள் அன்பியப் பொறுப்பாளர். விதைப்பவர் உவமை. விதை பாதையோரம் விழுந்தது, பறவை தின்றது. பாறைமேல் விழுந்தது, காய்ந்தது. முள்ளில் விழுந்தது, முள் நெருக்கியது. நல்ல நிலத்தில் விழுந்தது விளைந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். விதை ஆண்டவரின் வார்த்தை, மண் அதைக் கேட்பவர் மனம். கேட்கும்போதெல்லாம் யார் எந்த மண் என்று ஆள் பிரித்து வைப்பது என் வழக்கம். பிரசங்கத்தின்போது வெளியே மரத்தடியில் நிற்கும் என் கொழுந்தன் பாதை. தியானத்தில் தேம்பி அழுதுவிட்டு மறுநாளே குழாயடியில் சண்டை போடும் இந்தப் பக்கத்து வீட்டுக்காரி பாறை. நான் என்ன மண் என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் நல்ல வார்த்தையைத்தான் எடுப்பார்கள். "நல்ல நிலம்" என்றார் ஒருவர். "நூறு மடங்கு" என்றேன் நான்.

"ரெண்டு வாட்டிதான் சொன்னே, இன்னொரு வாட்டி சொல்லு" என்று பக்கத்தில் முணுமுணுப்பு. சொன்னேன். கண் போனில்.

அடுத்து என் மகள். "பாதையோரம்" என்றாள். நிறுத்தினாள். "பாதையோரம்." மறுபடியும், மெதுவாக, "பாதையோரம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம். நாலு பேர் முன்னால் இது என்ன வார்த்தை? மௌன நேரம். கண்ணை மூடினேன், மனம் மூடவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். முந்தாநாள் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ம்மா, கல்யாணத்துக்கு அப்பறம் வேலைய வுட்டுடணும்னு அந்தப் பையன் சொல்றான்" என்று ஆரம்பித்தாள். "பஸ்ஸு வந்துகினு கீது, ஏறு" என்றேன். நேற்று நான் மீன் அலசும்போது மறுபடியும் வந்து நின்றாள். "எனக்கு அது புடிக்கலம்மா." "சரி சரி, அந்த உப்ப எடு" என்றேன். உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

விதை என்றால் சாமியார் பீடத்திலிருந்து சொல்வது என்றே நினைத்திருந்தேன். ஆண்டவர் ஒரு வார்த்தையை என் மகள் வாயில் வைத்து அனுப்பினால்? அது விழுந்த இடத்தில்தானே நான் பஸ்ஸையும் உப்பையும் விதை தின்னும் பறவைகளாகப் பறக்கவிட்டேன். இது புரிந்ததும் நிம்மதி வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

போன் அடித்தது.

"எடும்மா, நல்ல சேதியா இருக்கும்" என்றார் அண்ணன்.

மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். பையனின் அம்மா. "எங்களுக்கு சம்மதம். ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சி பேசி முடிச்சிக்கலாமா?"

அழுது கேட்டது கைக்கு வந்துவிட்டது. "சரிங்க" என்ற சொல் நுனி நாக்கில். "பொண்ணாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேங்க" என்றேன்.

"இன்னும் கேக்கவே இல்லியா?" குரலில் சூடு.

"இல்லீங்க. இப்பதான் கேக்கப் போறேன்."

எல்லோரும் சுண்டல் தின்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்து எதையும் கேட்காமல் போனார்கள். மகளைச் சமையலறையில் உட்காரவைத்தேன். "சொல்லு" என்றேன்.

"இன்னா சொல்றது? நீ கேக்கவா போற?"

"சொல்லுடி."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பையனின் துறைமுக வேலை, அவன் அம்மாவின் சூடான குரல், ஊர்வாய் எல்லாம் எனக்குள் முண்டியடித்தன. நடுவில் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவள் நிறுத்தினாள். வாயை மூடிக்கொண்டு, மேலே சொல் என்று கையைக் காட்டினேன்.