ஆறு மணி வண்டியின் இருமல்

கல்யாணமாகி நாலே மாதத்தில் என்னை ஊத்தங்கரைக்குத் துரத்தப் பார்த்தது ஒரு பெட்ரோல் பஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் காலை ஆறு மணி வண்டிக்கு டிரைவர். ஆறு என்பது பலகையில் எழுதியிருந்த நேரம். மார்கழிக் குளிரில் அது கிளம்ப ஆறே முக்கால் ஆகும். முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால் இருமும். இன்னொரு சுற்றுக்குத் தும்மும். மூன்றாவது சுற்றில் ஹேண்டில் திரும்பி வந்து என் மணிக்கட்டில் அடிக்கும். பிறகு பயணிகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளுவார்கள். மூன்று பாஷையும் எனக்குப் புரியும் என்பதுதான் கஷ்டம்.

இத்தனைக்கும் சாயங்காலம் சுவிட்சை அணைத்த பிறகும் அந்த எஞ்சின் கொஞ்ச நேரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். ஓடச் சொன்னால் ஓடாது, நிற்கச் சொன்னால் நிற்காது. இப்படியொரு பிடிவாதத்தை நான் என் மாமனாரிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "ஏம்பா, தை பொறக்கறதுக்குள்ள இது ஒழுங்கா கெளம்பணும். இல்லன்னா பெங்களூர்லருந்து ஒரு டிரைவர் வரான், அவன் ஓட்டட்டும். நீ ஊத்தங்கரை லைனுக்குப் போயிடு."

ஊத்தங்கரை லைன் என்றால் தங்கலும் அங்கேயே. வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. புது மனைவியை விட்டுவிட்டு இருக்க முடியாது என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா? எஞ்சினை நானே பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. ஷெட்டில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் தோசைக்கல்லின் அடிப்பக்கம்போல கார்பன் அப்பிக் கிடந்தது. வால்வு சரியாக மூடாமல் எஞ்சினின் மூச்செல்லாம் இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. குளிரில் பாவம் எப்படிக் கிளம்பும்? மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கீறல் விழாமலிருக்கக் கொட்டாங்குச்சிச் சில்லால் சுரண்டினேன். வால்வுகளைச் சாணைப் பசை தடவித் தேய்த்து, இடுக்கில்லாமல் உட்காரவைத்தேன். முகமெல்லாம் கரியோடு வீட்டுக்குப் போனபோது என் மனைவி கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்றாள்.

திங்கட்கிழமை அரைச் சுற்றுதான் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் சரியாக ஆறு மணிக்கு வண்டியை எடுத்தேன். சூளகிரி தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டிக்கெட் யாருங்க குடுப்பாங்க?"

திரும்பிப் பார்த்தேன். வண்டியில் ஒரே ஒரு ஆள். காவேரிப்பட்டினத்துக்காரர், பலகையில் எழுதியதை நம்பி வந்தவர். கண்டக்டரே ஏறியிருக்கவில்லை.

விஷயம் மறுநாள்தான் புரிந்தது. ஓசூரில் பாதிப் பேருக்கு என் வண்டிதான் கடிகாரம். முதல் இருமலுக்குப் பல் விளக்குவார்கள், தும்மலுக்குக் காபி குடிப்பார்கள், தள்ளும் சத்தம் கேட்டதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்னிடம் சண்டைக்கே வந்தார். "நீ பாட்டுக்கு ஆறு மணிக்கே கெளம்பிட்டா நாங்க எப்டிய்யா வர்றது?"

சரி, காத்திருப்போம் என்று எஞ்சினை ஓடவிட்டு நின்றேன். உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். நல்ல வண்டி நின்றால் டிரைவருக்குத் திமிர். கெட்ட வண்டி நின்றால் டிரைவர் பாவம். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலாளி சொன்னார்: "கெட்டுக் கெடந்தப்ப வண்டி ரொம்பிப் போச்சி. நீ சரிபண்ணிட்டுக் காலியா ஓட்டற. வெள்ளிக்கெழம நானே வந்து பாக்கறேன். அன்னிக்கும் இப்படின்னா மூட்டைய கட்டு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கண்டக்டரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். நான் ஹேண்டிலைச் சுற்றும்போது அவன் சுவிட்சைப் போட்டு உடனே அணைக்க வேண்டும். எஞ்சின் பிடிக்கப் போய் அடங்கியது; கார்பன் போனபிறகு அது அணைத்ததும் நிற்கப் பழகியிருந்தது. அருமையான இருமல். இரண்டாவது தடவை தும்மலே வந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு துள்ளினேன். ஊர் திரண்டு வந்தது. கம்பவுண்டர் வாயில் நுரையோடு வந்தார். சீட்டெல்லாம் நிறைந்தது.

பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு மனசு தாளவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு தானும் தள்ள வந்தார். நான் ஓடிப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவர் கை பட்டதும் சுவிட்சைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஜம்மென்று கிளம்பியது.

மூச்சு வாங்க ஜன்னலோரம் வந்து நின்றார். "பெங்களூர்க்காரன் வேணாம்பா. இந்தச் சனியனோட மாரடிக்க உன்னாலதான் முடியும். நீ இங்கயே இரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். அந்த வட்டாரத்திலேயே சுத்தமான எஞ்சின் என்னுடையதுதான். அதை என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் நான் சொல்ல முடியவில்லை.